பொழுது விடிந்தால் ஒன்று

எங்கள் வீட்டில் முதன்முதலாக உரக்கப் படிக்கப்பட்ட காகிதம் ஒரு மருந்துச் சீட்டு. படித்தவள் நான். அதில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துப் படித்தவளும் நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. அரிமளத்திலிருந்து இரண்டு மைல் தள்ளியிருந்த எங்கள் ஊரில் ஓராசிரியர் பள்ளி ஒன்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர் சித்தப்பா ஒருவர்தான். அவரும் கூரை வேயப் போனவர். மேலேயே இருந்து வேலையை முடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். ஆகவே வீட்டில் எழுத்து தெரிந்த ஒரே ஆள் நான். அந்தப் பெருமையை நான் மூடி வைக்கவில்லை. பஸ்ஸின் நெற்றிப் பலகை, தீப்பெட்டி, சோப்புக் காகிதம், கோயில் சுவர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் யாரும் கேட்காமலே படித்துக் காட்டுவேன். கேட்டுக் கேட்டு அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும்.

அப்பா கருவாட்டு வியாபாரி. புதுக்கோட்டை மண்டியில் ஓலைச் சிப்பங்களாக வாங்கி, சைக்கிளில் கட்டி, அரிமளம், திருமயம், பொன்னமராவதி என்று சந்தை சந்தையாகப் போவார். நெத்திலி, வாளை, காரை, திருக்கை. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "உப்பு எப்புடி?" என்பதுதான். அப்பா வால்பக்கம் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, ஒரு கண்ணை மூடி, மென்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். "பேருக்குத்தான் உப்பு. கொழம்புல போட்டா நீங்க தனியா ஒரு கல்லு போடணும்." அந்த மூடிய கண்ணை நம்பித்தான் சனங்கள் வாங்கினார்கள். ஒரு சந்தை நாளில் அப்படி எத்தனை கிள்ளல் அவர் வயிற்றுக்குள் போகும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. உப்புக் கரிப்புப் போக வெற்றிலையும் புகையிலையும். வீட்டுக்கு வந்தால் விற்காமல் மிஞ்சிய கருவாட்டில் குழம்பு. எங்கள் வீட்டில் குடிதண்ணீரைத் தவிர எல்லாவற்றிலும் உப்பு இருந்தது.

அந்த வருஷம் தை மாதத்தில், அரிமளம் சந்தையில் நெத்திலி நிறுத்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் கையிலிருந்து தராசு நழுவியது. எடுத்துப் பிடித்தார். மறுபடியும் நழுவியது. ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை குழறியது. மதுவிலக்குக் காலம். கருவாடு வாங்க நின்ற அம்மாள் ஒருத்தி, "என்னண்ணே, பொழுது சாயறதுக்குள்ளயே எங்கிட்டோ போயி ஏத்தியாச்சாக்கும்?" என்று கேட்க, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. சித்தப்பா ஒரு வண்டியைப் பிடித்து, கருவாட்டுச் சிப்பங்களுக்கு நடுவே அவரைப் படுக்கவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். வலது கையும் வலது காலும் வெறும் சுமையாகக் கிடந்தன.

வாதம் இழுத்துவிட்டது என்றார்கள். வைத்தியர் வந்து எண்ணெய் கொடுத்தார். அம்மா காலையும் மாலையும் நீவிவிட்டாள். ஒரு மாதத்தில் பேச்சு தெளிந்தது. கால், இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்கு வந்தது. கை மட்டும் பாதிதான் திரும்பியது. பேச்சு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, சைக்கிள் எங்கே என்பது. எல்லாருக்கும் நோய் போய்விட்டது என்று சந்தோஷம். எங்கள் வாத்தியார் மட்டும் என்னைக் கூப்பிட்டு, "ஒரு தடவை வந்த வாதம் வழி தெரிஞ்சுக்கிட்டுப் போயிருக்கும். டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார்.

புதுக்கோட்டைக்கு அப்பா, அம்மாவோடு நானும் போனேன், பஸ் பலகை படிக்க. அங்கே ஒரு டாக்டர் அப்பாவின் கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கினார். கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் முகம் சுருங்கியது. ரத்தக் கொதிப்பு என்றார்.

"கொதிச்சா அடுப்ப அணைச்சுற வேண்டியதுதானுங்களே" என்றார் அப்பா. அவருக்கு எந்த இடத்திலும் வாய் சும்மா இருக்காது.

"அதத்தான் செய்யப்போறோம். அடுப்பு ஒங்க உப்புப் பானைக்குள்ள இருக்கு" என்றார் டாக்டர்.

வெளியே கம்பவுண்டர் ஒரு பாட்டிலில் சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள் நாற்பதைப் போட்டுக் கொடுத்தார். உங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு சீட்டில் தமிழில் எழுதி என்னிடமே தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்து ஐந்து தடவை படித்தேன்.

அன்று சாயங்காலம் வாசலில் அப்பா, அம்மா, சித்தப்பா, பக்கத்துத் தெருவிலிருந்து வந்த அத்தை எல்லாரும் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டு படித்தேன். அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் எந்தப் பேச்சும் அத்தை தலையாட்டினால்தான் முடிவாகும். "தினம் காலையில் ஒரு மாத்திரை. சமையலில் உப்பு கூடாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடாது. புகையிலை கூடாது. காலையில் இரண்டு மைல் நடக்க வேண்டும்." நாலு பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு நாள் என் வாழ்வில் அதற்கு முன் வந்ததில்லை.

படித்து முடித்ததும் அத்தை கேட்டாள், "எத்தன நாளைக்குன்னு போட்டுருக்கு?"

போடவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படித்தவளிடம் கேட்ட முதல் கேள்விக்கே தெரியாது என்று சொல்வதா? எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் அதற்கு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். அதுவரை பத்தியம். முடிந்த மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, விலக்கி வைத்ததையெல்லாம் இலையில் போட்டுச் சாப்பிட்டுப் பத்தியத்தை முறிக்க வேண்டும். எந்த நோய்க்கும் அதுதான் கணக்கு. ஆகவே நான் சீட்டைப் பார்த்து, விரலால் ஒரு வரியைத் தொடுவது போலத் தொட்டு, "ஒரு மண்டலம்" என்று படித்தேன்.

"பெறகென்ன? இங்கிலீசு மருந்தும் நம்ம மருந்துதான்" என்று அத்தை தலையாட்டினாள். விஷயம் முடிந்தது.

சாணி மெழுகிய சுவரில் நான் சாக்குக்கட்டியால் ஒன்று, இரண்டு என்று நாள் குறித்து வந்தேன். காலையில் பல் துலக்கியதும் மாத்திரையும் செம்பில் தண்ணீருமாக அப்பா முன்னால் போய் நிற்பேன். புகையிலைப் பையை அம்மா பரணில் தூக்கிப் போட்டாள். அப்பாவுக்கென்று தனிச் சட்டியில் உப்பில்லாத குழம்பு. முதல் நாள் அதை ஊற்றும்போது அம்மாவின் கண்ணில் தண்ணீர். உப்பில்லாச் சோறு போட்டவள் என்ற பெயர் வந்துவிடுமே என்று அவளுக்கு வருத்தம். அப்புறம் எலுமிச்சம்பழம், மிளகு, பூண்டு, கொத்தமல்லி என்று எதையெதையோ கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "மாட்டுக்குக்கூடக் கழனித் தண்ணியில ஒரு கல்லு உப்புப் போடுறீங்க. நான் மாட்டவிடக் கொறஞ்சு போனேனாத்தா?" என்று என்னைக் கேட்பார். இன்னும் இத்தனை நாள்தான் என்று சுவரைக் காட்டுவேன். அவரும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்.

நாற்பதாம் நாள் பாட்டில் காலியானது. இன்னும் எட்டு வேண்டும். அப்பாவுக்குப் பதிலாகச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தப்பா அன்று சரக்கு எடுக்கப் புதுக்கோட்டை போனார். கூட நானும் போனேன். என்னை டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவர் மண்டிக்குப் போய்விட்டார்.

கம்பவுண்டரிடம் பாட்டிலை நீட்டி, "எட்டு மாத்திரை போதுங்க" என்றேன்.

"எட்டா? என்ன பாப்பா, கடலமுட்டாயா வாங்க வந்தே?"

"மண்டலம் முடியுதுங்க. அப்புறம் பத்தியத்த முறிக்கப் போறோம்."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"சீட்டுல மண்டலம்னு எழுதியிருக்கா?"

"இல்லைங்க."

"பின்ன யாரு சொன்னது?"

"வீட்ல சொன்னாங்க" என்றேன். நானும் வீட்டில் ஒருத்திதானே.

டாக்டர் என் உயரத்துக்குக் குனிந்தார். அவர் சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே சொல்வேன். "இந்த மாத்திரை வந்த நோய்க்கு இல்ல. அடுத்தது வராம இருக்க. வேலி மாதிரி. வெள்ளாமை நல்லா நிக்குதுன்னு யாராச்சும் வேலியப் பிடுங்குவாங்களா? மொதத் தடவை அது கையத்தான் கேட்டுச்சு. ரெண்டாந் தடவை வந்தா ஆளையே கேக்கும். மாத்திரை பாதி வேலதான் பாக்கும். உப்பும் புகையிலையும் இல்லாத வாயும், நடக்கிற காலும் மிச்ச வேலையப் பாக்கணும். புரியுதா?"

"எத்தன நாளைக்குங்க?" என்று கேட்டேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"இருக்கிற நாளைக்கெல்லாம்" என்றார்.

கம்பவுண்டர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் சித்தப்பா அதை ஆட்டிப் பார்த்து, "எட்டுதானத்தா கேட்டே? நெறைய இருக்கு?" என்றார்.

"கொசுறு" என்றேன்.

சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தாவதோடு சரி. ஆறாவது படிக்க அரிமளம் போகவேண்டும். பொட்டைப்பிள்ளைக்கு அஞ்சாவது போதும், அப்பனுக்கும் கை சரியில்லை, ஆத்தாளோடு கருவாடு காயவைக்கட்டும் என்று அத்தை அப்போதே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் படித்ததே பொய் என்று தெரிந்தால் அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இருக்காது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டையும் வைத்துக்கொண்டு எட்டு நாள் திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் கூட்டல் கணக்கில்கூடத் தப்பு வந்தது.

வீட்டிலோ கல்யாணக் களை. சித்தப்பா நல்ல வாளைக் கருவாடாகப் பொறுக்கி எடுத்து வைத்தார். அத்தை மொச்சை கொண்டுவந்தாள். அம்மா பரணிலிருந்து புகையிலைப் பையை இறக்கித் தூசி தட்டினாள். அப்பா யாரைப் பார்த்தாலும் மீதி நாளைச் சொன்னார்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வேட்டி மாற்றி, மணை போட்டு உட்கார்ந்தார். முகம் பளபளவென்று இருந்தது. நான் மாத்திரையோடு போனேன். "இன்னைக்கு எதுக்குத்தா? கணக்கு முடிஞ்சிருச்சே" என்று சிரித்து, செம்பை மட்டும் வாங்கிக்கொண்டார். மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. வாழை இலை விழுந்தது. அடுப்பங்கரையிலிருந்து கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட கருவாட்டுக் குழம்பின் வாசனை. எனக்கே நாக்கில் நீர் ஊறியது.

அத்தை உப்பு மரவையை, அந்த மரக் கிண்ணத்தை, ஏந்தி வந்தாள். பத்தியம் முறிக்கும் இலையில் முதலில் உப்பு வைக்கவேண்டும், அதை உடன்பிறந்தவள் வைக்கவேண்டும். அத்தை ஒரு சிட்டிகை அள்ளி இலையின் ஓரத்தில் வைத்து, "தொட்டு நாக்குல வையி தம்பி. நோயி நொடி எல்லாம் இதோட போகட்டும்" என்றாள்.

அப்பா விரலை நீட்டினார்.

நான் குனிந்து, அந்த உப்பை இலையிலிருந்து தரையில் தள்ளிவிட்டேன்.

இலையில் வைத்த உப்பைத் தள்ளுவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய அபசகுனம் என்று எனக்குத் தெரியும். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "அடி பாதகத்தி! என்ன காரியம்டி பண்ணுனே?"

"சீட்டுல மண்டலம்னு போடல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "சீட்டுல மண்டலம்னு போடவே இல்ல. நானாத்தான் சொன்னேன். டாக்டரு நிறுத்தக்கூடாதுங்கிறாரு. இது வேலி மாதிரியாம். மொதல்ல கையக் கேட்டுச்சாம். இன்னொருக்கா வந்தா ஆளையே கேக்குமாம்."

"வாயக் கழுவுடி!" என்றாள் அத்தை. "நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சா இது? கேட்டியாடா தம்பி? பொய் சொல்லத்தான் பள்ளிக்கூடம் போயிருக்கா. நாளைக்கே நிறுத்து. இவ படிச்சுக் கிழிச்சது போதும்."

அம்மா கரண்டியோடு நின்றாள். சித்தப்பா, "அப்ப அந்தக் கொசுறு?" என்று மெல்லக் கேட்டார். அவர் கவலை அவருக்கு.

அப்பா யாரையும் பார்க்கவில்லை. தன் வலது கையை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். விரல்களை மடக்கினார். பாதிதான் மடங்கின. பிறகு என்னைக் கேட்டார்.

"எத்தன நாளைக்குன்னாருத்தா?"

இருக்கிற நாளைக்கெல்லாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணெய்க் குளியல் குளித்து மணையில் உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிச் சொல்வது? "நாள் கணக்கு இல்லப்பா" என்றேன். "பொழுது விடிஞ்சா ஒண்ணு."

"விடியாத அன்னைக்கு வேணாமுல்ல?"

"வேணாம்ப்பா."

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். அப்பா அத்தையிடம், "அக்கா, மரவைய எடுத்துட்டுப் போ. எனக்கு உப்பில்லாம மோர ஊத்தச் சொல்லு" என்றார். அத்தை நகரவில்லை. முறிக்காத பத்தியம் ஆகாது என்றாள், பொய் சொன்ன பிள்ளை பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போகாதே என்றாள். அப்பா சொன்னார், "பொய்யி நமக்கெல்லாம் நல்லாவே வரும்க்கா. சந்தையில நான் சொல்லாததா? அத நாலு பேருக்கு முன்னால தானே அவுத்து வச்சது யாரு நம்ம வம்சத்துல?"

என் உள்ளங்கையில் வியர்வையில் பாதி கரைந்திருந்த மாத்திரையை இடது கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கருவாட்டுக் குழம்பை நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம். அத்தை கோபத்தோடு மூன்று தடவை ஊற்றிக்கொண்டாள். அப்பா உப்பில்லாத மோர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாக எழுந்துபோய்க் கை கழுவினார். சுவரில் இருந்த கோடுகளை அன்றைக்கே அம்மா சாணி போட்டு மெழுகிவிட்டாள்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. கண்மாய்க் கரை வழியாக இரண்டு மைல் ஒரு பெண்பிள்ளை எப்படித் தனியாகப் போவாள் என்று அத்தை கேட்டாள். அப்பா, "டாக்டரு ரெண்டு மைலு நடக்கச் சொல்லியிருக்காருல்ல. இங்கிட்டு நடந்தா என்ன, அங்கிட்டு நடந்தா என்ன? அரிமளத்துப் பக்கமே நடக்குறேன்" என்றார். அவ்வளவுதான். தினமும் காலையில் நானும் அப்பாவும் கிளம்புவோம். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போவேன். அவர் வலது காலை இழுத்துக்கொண்டு பின்னால் வருவார். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும், எங்கப்பாவை நான்தான் நடக்கக் கூட்டி வருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

கொஞ்ச நாளில் மறுபடியும் சந்தைக்குப் போகத் தொடங்கினார். சித்தப்பா சைக்கிளை உருட்ட, இவர் கூட நடப்பார். நான் ஒரு லீவு நாளில் வேவு பார்க்கப் போனேன். "உப்பு எப்புடி?" என்று யாரோ கேட்டார்கள். அப்பாவின் கை வால்பக்கம் போனது. போய், அப்படியே கிள்ளிய துண்டைக் கேட்டவரிடம் நீட்டியது. "நீங்களே கடிச்சுப் பாருங்க. என் நாக்கு பென்சன் வாங்கிருச்சு." வாங்குகிறவர்களுக்கு இது புது மரியாதையாகத் தெரிந்தது. வியாபாரம் குறையவில்லை. வெற்றிலையில் சீரகம் வைத்து மென்றார். புகையிலைப் பையில் அம்மா விதை வெண்டைக்காய் போட்டு வைத்தாள். அப்பாவின் உறுதியைப் பார்த்து ஊரே ஆச்சரியப்பட்டது. அந்த உறுதி என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் மட்டும் மாறிப்போனது. அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார். கண்ணை மூடித் தீர்ப்புச் சொன்ன மனிதர், யாராவது கேட்டால் பதில் சொல்வதோடு சரி. "அண்ணன் உப்போட சேத்துச் சிரிப்பையும் நிறுத்திட்டாரு" என்று சித்தப்பா கேலி செய்வார். நாங்கள் சிரிப்போம். கருவாட்டுக் குழம்பை நினைத்து ஏங்குகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கண்மாய் மடைக்குப் பக்கத்தில் சில நாள் உட்கார்ந்துவிடுவார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். கண் கலங்கியிருக்கும். "ஒக்காரக் கூடாதுப்பா, நடக்கணும்" என்று அதட்டுவேன். எழுந்து நடப்பார்.

ஒரு நாள், "மூக்கு சதா அடைச்சுக்கிட்டே இருக்குத்தா. சரக்கு வாசமே தெரிய மாட்டேங்குது. இந்த மாத்திர எனக்கு ஒத்துக்கலையோ என்னமோ" என்றார்.

"சாக்குச் சொல்லாதீங்கப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் புதுக்கோட்டைக்குப் போனோம். பாதரசம் முன்பு ஏறிய உயரத்துக்கு ஏறவில்லை. டாக்டருக்கு நல்ல சந்தோஷம். "வேற எதுவும் தொந்தரவு உண்டா? மனசுல, ஒடம்புல?" என்று கேட்டார். அப்பா டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "ஒண்ணுமில்லைங்க" என்றார். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

இப்போது நான் செவிலியர் பயிற்சியில் கடைசி வருஷம் படிக்கிறேன். எங்கள் வம்சத்தில் பள்ளி முடித்த முதல் ஆள், வீட்டை விட்டு விடுதிக்குப் போய்ப் படிக்கும் முதல் ஆள். போன வருஷம் வகுப்பில் ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றிப் பாடம் நடந்தது. ஒரு மாத்திரையின் பெயர் வந்தது. சின்ன வெள்ளை மாத்திரை. கொதிப்பைக் குறைக்கும் என்று எழுதிக்கொண்டேன். சிலருக்கு மூக்கடைப்பு உண்டாகும் என்று எழுதிக்கொண்டேன். சிலருக்குக் காரணமில்லாமல் மனம் சோர்ந்துபோகும், அழுகை வரும், பேச்சு குறையும், அப்படியானால் நோயாளி தானாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறவேண்டும் என்று ஆசிரியை சொன்னபோது என் பேனா நின்றுவிட்டது.

அடுத்த விடுமுறையில் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். இந்தத் தடவை தொந்தரவுகளை நான் சொன்னேன். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். இரண்டு மாதம் கழித்து நான் ஊருக்குப் போன அன்று சந்தையில் அப்பா, நெத்திலியை மூக்கருகே பிடித்து, ஒரு கண்ணை மூடி, யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போகாமல் நின்றேன்.

ஏன் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கருவாட்டை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு நான் எடுத்தப்ப ஒன் கையில மாத்திர வேர்வையில பாதி கரைஞ்சிருந்துச்சுத்தா. அதப் பாத்துட்டேன். அப்புறம் போயி மாத்திர ஒத்துக்கலைன்னு நான் வாயத் தெறந்தா, ஒங்க அயித்த ஒன்னய எங்க ஒக்கார வச்சிருப்பா? இந்தச் சிப்பத்துக்குப் பக்கத்துல ஒக்கார வச்சிருப்பா."

இரண்டாவது முறை அந்த நோய் இதுவரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பொழுது விடிந்தால் ஒன்று, இன்றைக்கும் நடக்கிறது. உப்புப் பானை அம்மாவின் பக்கத்திலேயே இருக்கிறது, அப்பாவின் சட்டிப் பக்கம் வருவதில்லை. நடை மட்டும் அவர் விடவில்லை. கூட வர ஆள் இல்லாவிட்டாலும் அரிமளம் பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பி வருகிறாராம்.

கண்மாய்க் கரையில் அப்போதெல்லாம் நான் வேகமாக முன்னால் போய், நின்று, திரும்பி, "வெரசா வாங்கப்பா, மணி அடிச்சுருவாங்க" என்று கத்துவேன். அவர் மடைப்பக்கமிருந்து எழுந்து, காலை இழுத்து இழுத்து வருவார். நான்தான் அவரைக் கூட்டிப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.